துபாஷியில்லாத யந்திரம்

சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் வசிக்கும் நமது நண்பர் ஒருவர், பழைய கணினியொன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை வைத்துக்கொண்டு தம் காரியங்களை நடத்தி வருகிறார். சில மாதங்களுக்கு முன் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலைப் புதுப்பித்தார். மறுகணமே அவருடைய வை-ஃபை கருவி ஊமையாகிவிட்டது. கருவியில் யாதொரு பழுதுமில்லை. அதைச் செய்த கம்பெனி தனியாகக் கொடுத்திருந்த ‘டிரைவர்’ புதிய கெர்னலுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. கம்பெனியோ அந்தச் சரக்கை விற்று முடித்து மறந்தும் போயிற்று. காசு கொடுத்து வாங்கிய பொருள் பரணுக்குப் போய்ச் சேர்ந்தது. இது அற்ப விஷயமென்று தோன்றலாம். ஆனால் தேசத்தார் யோசிக்க வேண்டிய பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

டிரைவர் என்பது யாது? கும்பெனி நாட்களில் சென்னைப்பட்டணத்தில் வெள்ளைக்கார வர்த்தகருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பேசிய துபாஷியை நேயர்கள் அறிவார்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாஷை உண்டு. கெர்னலுக்கு வேறு பாஷை. இரண்டையும் அறிந்து நடுவே நிற்பதே டிரைவர். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று மூன்று கோடி வரிகளைக் கடந்து நிற்கிறது. அதில் பாதிக்கு மேற்பட்டது இத்தகைய துபாஷிகளின் கூட்டமே.

துபாஷியை ஒருமுறை நியமித்தாற் போதாது. ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் வெளியாகிறது. அதன் உள் ஏற்பாடுகள் மாறாமலிருக்குமென்று எவரும் உறுதி கூறுவதில்லை. ஏற்பாட்டை மாற்றுகிறவர் கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்களையும் அதற்கேற்பத் திருத்தியாக வேண்டும் என்பது வழக்கம். வெளியே கம்பெனியின் கைவசமுள்ள டிரைவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நமது நண்பரின் கருவி மாண்டது இதனாலேதான்.

உள்ளே இருப்பவற்றுக்கும் காவலர் வேண்டும். எந்தப் பகுதியை யார் பராமரிக்கிறார் என்று கூறும் ஏடொன்று கெர்னலுடனேயே இருக்கிறது. ஆளில்லாத பகுதிக்கு எதிரே ‘அனாதை’ என்றே எழுதப்படுகிறது. 2019இல் பிளாப்பி டிரைவருக்கு அந்தக் கதி நேர்ந்தது. பராமரித்தவரிடம் வேலை செய்யும் பிளாப்பிக் கருவியே இல்லாமற் போயிற்று. பின்னர் வேறொருவர் அதை ஏற்றுக்கொண்டார். ஐடானியம் என்ற பிராஸஸருக்கான பகுதியோ 2021இல் அனாதையாகி, 2023இல் அடியோடு நீக்கப்பட்டது.

இந்த முறை நமக்குப் புதிதன்று. ஏரிக்கரையையும் மதகையும் ஊரார் கூடிப் பழுது பார்த்த குடிமராமத்து நம்முடையதல்லவா? பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனம் ஏரி வாரியத்தைக் கூறுகிறது; வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரலாகாதென்றும் விதிக்கிறது. கெர்னலில் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் எழுதியவர் தம் பெயரை ஒப்பமிட்டுப் பொறுப்பேற்கிறார். தர்மம் ஒன்றே.

தமிழ்நாடு இத்துறையில் வெறுங்கையுடன் இல்லை. மாடம்பாக்கத்துக்கு அருகே குரோம்பேட்டையிலுள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி நிலையமும் சென்னை சி-டாக் நிலையமும் 2005 முதல் சுதந்திர மென்பொருள் கைங்கரியத்தில் சேர்ந்து உழைத்தன. 2007இல் சி-டாக் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் தளத்தை வெளியிட்டது. 2018இல் சென்னை ஐ.ஐ.டி.யாரின் ‘சக்தி’ பிராஸஸர் மீது லினக்ஸ் இயங்கிற்று. இவை பெருமைக்குரியவை. ஆயினும் ஏரி வெட்டுவது ஒரு நாள் உற்சவம். தூர் வாருவது ஆண்டுதோறும் செய்யும் கடமை. சுதேசிச் சில்லுகளுக்கும் துபாஷிகள் வேண்டும். அவை பொதுக் கெர்னலில் இடம்பெறாமல் தனி அலமாரியில் கிடந்தால், சில ஆண்டுகளில் செல்லரித்துப் போகும்.

“அன்னிய நாட்டுக் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து இவ்வேலையைச் செய்விக்கின்றனவே, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். வேலையின் பெரும்பகுதி அவ்வாறு நடப்பது மெய்யே. ஆனால் கம்பெனிகள் தாம் விற்கும் புதிய சரக்கையே பேணும். ஏழை மாணவன் கையிலுள்ள பத்து வருஷத்துப் பழைய கணினியைப் பேணுவதில் அவற்றுக்கு என்ன லாபம்? 2011 முதல் நமது ராஜாங்கம் மாணவர்களுக்கு வழங்கிய லட்சக்கணக்கான மடிக்கணினிகளுக்கு வயதாகிவிட்டது. அவை உயிருடனிருப்பதும் குப்பையாவதும் டிரைவர்களைப் பொறுத்தது.

ஆதலால் மூன்று காரியங்கள் அவசியம். பொதுப் பணத்தில் வாங்கும் கருவிகளின் டிரைவர்கள் பொதுக் கெர்னலில் இருக்க வேண்டுமென்று ராஜாங்கம் நிபந்தனை விதிக்கட்டும். கருவி செய்வோர் அதன் இலக்கணத்தை மறைக்காமல் வெளியிடட்டும். தாம்பரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி வாலிபர்கள், பழைய கருவியொன்றை எடுத்துப் புதிய கெர்னலில் சோதித்துக் குறையை அறிவிக்கட்டும். சோதித்தவர் பெயரும் அத்திருத்தத்தின் கீழ் எழுதப்படும். பெரிய பாண்டித்தியம் வேண்டியதில்லை. கருவி கைவசமிருப்பதே முதல் தகுதி.

அது நம் பரண்களில் ஏராளமாகக் கிடக்கிறது.