மகனுக்கு விளையாட்டுக் கணினி வாங்கப் போகிறீர்களா?

போனஸ் பணம் கைக்கு வந்ததும், கூரையைப் பழுது பார்ப்பதா, மோட்டார் சைக்கிளை மாற்றுவதா என்று நீங்களும் உங்கள் துணைவியும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரம் பார்த்து நான்காம் படிவம் படிக்கும் மகன் மெல்ல வந்து நிற்பான். “அப்பா, எனக்கு ஒரு கணினி வேணும். படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும். சாமான்களைத் தனித்தனியா வாங்கி நானே பொருத்திக்கிறேன். காசு மிச்சமாகும்” என்பான்.

பையன் சொல்வதில் பொய்யில்லை. தனித்தனியாக வாங்கினால் சில சமயம் காசு மிச்சமாகும்தான். ஆனால், வீட்டைக் கட்டிப்பார் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பொருத்தி முடித்த கணினியை வாங்குவதிலும் ஒரு நன்மை உண்டு. அது என்ன என்பதை நான் பட்டுத்தான் அறிந்தேன்.

எனக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்காள் மகனுக்குக் கணினி செய்ய எண்ணி, அவனும் நானும் சாமான் வாங்கக் கிளம்பினோம். எங்கே விலை குறைவோ அங்கே என்று நான்கு கடைகளில் வாங்கினோம். பணம் அக்காள் எடுத்த சீட்டுப் பணம். தீபாவளி விடுமுறையில் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு நாள் முழுவதும் பொருத்தினோம். சுவிட்சைத் தட்டியதும் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை!

முதற்கடைக்காரர், “எங்கள் சாமான் நல்ல சாமான், மதர்போர்டைப் பாருங்கள்” என்றார். மதர்போர்டு விற்றவர் புரொசசரைக் குறை சொன்னார். அடுத்தவர் ரேமைக் காட்டினார். மூன்று முறை பஸ் ஏறி அலைந்தோம். பையன் சாப்பிடக்கூட மனமில்லாமல், “மாமா, அம்மாகிட்டே சொல்லிடாதீங்க” என்றான். அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் தெரிந்த காரணம் இதுதான். புரொசசர் புதியது, மதர்போர்டோ கடையில் நெடுநாள் கிடந்த பழைய இருப்பு. அதற்குள் பதிந்திருந்த மென்பொருளுக்கு அந்தப் புரொசசரை அடையாளம் தெரியவில்லை. புதிய பதிப்பை ஏற்றியதும் திரை ஒளிர்ந்துவிட்டது. ஆக, கெட்டுப்போன சாமான் ஒன்றுகூட இல்லை. ஆனால், மொத்தத்துக்கும் பொறுப்பேற்க ஓர் ஆளும் இல்லை.

பொருத்திய கணினிக்கு நீங்கள் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தப் பொறுப்புக்குத்தான். ஓடவில்லையென்றால் ஒரே இடத்துக்குப் போய்க் கேட்கலாம். விலை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. 2020 முதல் 2022 வரை கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தபோது, கார்டைத் தனியாக வாங்குவதைவிட முழுக் கணினியாக வாங்குவதே பலருக்குக் கட்டுபடியானது. 2025-இன் கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியபோதும், பழைய விலையில் பொருத்தி வைத்திருந்த பெட்டிகள் மலிவாகத் தெரிந்தன. ஆகவே, வாங்கும் நாளில் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

பொறுப்பு என்பது வாய்ப்பேச்சில் இருந்தால் போதாது, எழுத்தில் வேண்டும். காசு கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு சாமானின் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

முதலாவது, புரொசசர். ‘ஐ7’ என்ற எழுத்தைக் கண்டு மயங்க வேண்டாம். நண்பர் ஒருவர் அப்படித்தான் ஏமாந்தார். வண்ண விளக்குகள் மின்னும் புதுப் பெட்டிக்குள் இருந்தது 2011-இல் வெளிவந்த ஐ7-2600. 2022-இல் வந்த ஐ3-12100 பெயரில் சிறியது. வேகத்தில் அதை மிஞ்சிவிடும். அத்தனை பழைய புரொசசர் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெற்ற பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டுக்கு உயிர்நாடி இதுதான். பணத்தில் பெரும் பங்கு இதற்குப் போவதே முறை. இதிலும் ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்ற கார்டு 12 ஜிபி நினைவகத்தோடும் வந்தது, 8 ஜிபி நினைவகத்தோடும் வந்தது. பின்னதில் நினைவகம் குறைந்தது மட்டுமல்ல, தகவல் ஓடும் பாதையும் குறுகியது. எனவே, எத்தனை ஜிபி என்று கேளுங்கள்.

மூன்றாவது, ரேம். 16 ஜிபி என்றால் ஒரே துண்டா, இரண்டு 8 ஜிபி துண்டுகளா என்று கேளுங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் புரொசசருக்கு இரண்டு வழியாகத் தகவல் ஓடும். விளையாட்டில் அந்த வித்தியாசம் தெரியும்.

நான்காவது, பவர் சப்ளை. விளம்பரத்தில் வெறும் வாட் கணக்கு மட்டும் போட்டிருந்தால் அது என்ன பிராண்டு, என்ன மாடல் என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் சிலர் இதில்தான் காசைக் குறைக்கிறார்கள். ‘80 ப்ளஸ்’ முத்திரை, மின்சாரம் அதிகம் வீணாகவில்லை என்பதைக் காட்டும். அது மட்டுமே தரத்துக்கு உறுதியாகாது; ஆனால், அதுவும் இல்லாததை நம்பி வாங்காதீர்கள்.

ஐந்தாவது, பின்னாளில் மாற்ற முடியுமா? கடையிலேயே பொருத்தித் தரும் கணினிகளில் பெரும்பாலும் பொதுவான சாமான்களே இருக்கும். பெரிய நிறுவனங்கள் சில, தங்கள் பெட்டிக்கென்றே தனி வடிவில் மதர்போர்டும் பவர் சப்ளையும் செய்கின்றன. அவை கெட்டால் வெளிக்கடையில் கிடைக்கும் சாமான் பொருந்தாது.

கடைசியாக, உத்தரவாதம். எத்தனை ஆண்டு, எங்கே கொண்டுபோக வேண்டும், பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று கேட்டு, அதையும் எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

அவசரப்பட்டு சுவிட்சைத் தட்டாதீர்கள். தொலைவிலிருந்து அனுப்பும் பெட்டிகளில் கார்டு ஆடாமல் இருக்க உள்ளே பஞ்சுபோன்ற அடைப்பு வைத்திருப்பார்கள். அதை எடுத்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். திரையின் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். இடத்தை மாற்றிச் செருகிவிட்டு, “இவ்வளவு காசு கொடுத்தும் ஓடவில்லையே” என்று வருந்துவோர் உண்டு. நம் நாட்டு இடிமழையைச் சொல்ல வேண்டியதில்லை. வானம் இருண்டால் பிளக்கையும் இணையக் கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டுபவரானால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரையிலான வரி விலக்கில் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் கணினியும் சேரும். கடைக்காரர் சொன்ன சொல் தவறினால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி நீங்களே முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். எழுதி வாங்கிய அந்தப் பட்டியல் அங்கே உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

பெற்றோர்களே, ஒன்றை மறந்துவிடாதீர்கள். “நானே பொருத்துகிறேன்” என்று சொல்லும் பிள்ளையிடம் கற்கும் ஆசை இருக்கிறது. அதைக் கிள்ளிவிட வேண்டாம். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள். கடையில் அவனே கேள்வி கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். உத்தரவாதம் இடங்கொடுத்தால், ஓராண்டு கழித்து இன்னும் இரண்டு ரேம் துண்டுகளை அவன் கையாலேயே செருகட்டும். என் அக்காள் மகனும் இப்போது அப்படித்தான் செய்கிறான். அம்மாவிடம் மறைக்க அவனுக்கு ஒன்றுமில்லை.