காலனுக்கு எத்தனை மைல்?

காலன் என்றதும் பாசக் கயிறும் எருமைக் கடாவும் நினைவுக்கு வரவேண்டாம், தோழர்களே! நான் குறிப்பிடுவது பெட்ரோலை அளக்கும் காலன். அமெரிக்க அளவுப்படி ஒரு காலன் என்பது 3.785 லிட்டர். அந்நாட்டில் வண்டி வாங்கப் புறப்படுகிறவன் முதலில் கேட்பது, "காலனுக்கு எத்தனை மைல்?" என்பதைத்தான். கேள்வி ஒன்று. பதிலோ மூன்று! சட்டத்தின் கணக்கேட்டில் ஒரு பதில், கடை வாயிலில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு பதில், சாலையில் ஒரு பதில். மூன்றில் எது மெய் என்பதை, மாதக் கடைசியில் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பவன் அறிவான்.

பிக்கப் என்கிறார்களே, முன்னால் ஆள் அமரும் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி, அந்த வண்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். அதிலும் முழு அளவுப் பிக்கப்! ஃபோர்டு எஃப்-150, செவ்ரலே சில்வராடோ, ராம் 1500 என்று பெயர்கள். சரக்கு ஏற்றுமுன்பே ஏறத்தாழ 2 டன் முதல் 2.5 டன் வரை எடை. 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்கும் பிக்கப் ஃபோர்டின் எஃப் வரிசைதான். தச்சர் வாங்குகிறார், குழாய் பொருத்துகிறவர் வாங்குகிறார், பண்ணைக்காரர் வாங்குகிறார். தொட்டியில் ஒரு செங்கல்கூட ஏற்றாமல் அலுவலகம் போய்வரும் கனவானும் வாங்குகிறார். கனவானைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவர் யானை கட்டித் தீனி போட வசதி படைத்தவர். என் கவலையெல்லாம், யானையின் முதுகில் ஏறினால்தான் அன்றாடக் கூலி என்றிருக்கும் மனிதனைப் பற்றியது.

அவன் கடைக்குப் போகிறான். கண்ணாடியில் அரசின் சீட்டு ஒட்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டு எஃப்-150, 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின், பின்சக்கர ஓட்டம் என்றால், நகரில் 17, நெடுஞ்சாலையில் 24, இரண்டும் கலந்து 20 மைல் என்று சீட்டு சொல்லும். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். அந்த ஆண்டில்தான் ஃபோர்டு நிறுவனம் வண்டியின் உடலையே அலுமினியத்தால் செய்து, 700 பவுண்டு வரை எடையைக் குறைத்தது. பெரிய சாதனை, மறுக்கவில்லை. அரும்பாடு பட்டுப் பொறியாளர்கள் குறைத்த அந்த 700 பவுண்டு, அரை வண்டி ஜல்லி ஏற்றினால் பறந்து போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

இந்த 20 எங்கே பிறந்தது? சாலையில் அல்ல, கூடத்தில்! வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் கீழே உருளைகளைச் சுழலவிட்டு, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறார்கள். சோதனையை நடத்துவது பெரும்பாலும் வண்டி செய்யும் நிறுவனமே. அவற்றில் 15 முதல் 20 விழுக்காடு வரையே, மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் உள்ள அரசின் ஆய்வுக்கூடத்தில் மறுபடி சரிபார்க்கப்படுகின்றன. அடிப்படைச் சோதனைகள் இரண்டு. நகரச் சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி 48 மைல், உச்சம் 60 மைல். நாடு முழுவதும் 55 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற விதி 1974இல் வந்தது. 1995இல் அது போயிற்று. இன்று டெக்சாஸ் மாநிலத்து 130ஆம் எண் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் 85 மைல் வரை ஓட்டலாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கூடத்து உருளை எங்கே, டெக்சாஸ் சாலை எங்கே!

காற்று சும்மா விடுமா? வேகத்தின் இருமடிப்படி உயர்வது காற்றின் எதிர்ப்பு. 60 மைலிலிருந்து 80 மைலுக்கு ஏறினால் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. சிறிய காருக்கே இது பாடு. நெற்றியும் மார்பும் அகன்று, சுவர் போல் நிமிர்ந்து நிற்கும் பிக்கப்புக்கு? சுவரைத் தள்ளிக்கொண்டு ஓடுவது போலத்தான். இதற்குமேல் குளிர் வேறு. உறைநிலைக்குக் கீழே, சுழியத்துக்கு 7 பாகை குறைவாக இருக்கும் காலையில் நகருக்குள் ஓட்டினால், இதமான நாளில் கிடைப்பதைவிட 15 விழுக்காடு அளவுக்கு மைல் குறையும் என்று அரசே சொல்கிறது. பம்பில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கும். அதில் ஒரு 3 விழுக்காடு போகும். அழகுக்காக வண்டியைத் தூக்கி, அகன்ற டயர் மாட்டிக்கொண்டவர் இழப்பதை அவரே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. நியாயமாகப் பேசுவோம். 1985இலேயே சீட்டுக்கான எண்ணை, நகருக்கு 10 விழுக்காடும் நெடுஞ்சாலைக்கு 22 விழுக்காடும் வெட்டினார்கள். 2008ஆம் மாதிரி ஆண்டிலிருந்து மேலும் மூன்று சோதனைகளின் பாடத்தையும் சேர்த்தார்கள்: 80 மைல் வரை விரட்டி ஓட்டுவது, வெயிலில் குளிர்சாதனம் போட்டு ஓட்டுவது, குளிரில் ஓட்டுவது. ஆனால் ஒவ்வொரு வண்டியையும் ஐந்து சோதனைகளுக்கும் உட்படுத்தியாக வேண்டும் என்பதில்லை. பழைய இரண்டை நடத்திவிட்டு வாய்பாட்டின்படி கழித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. அப்படியும் இன்றைய சீட்டு பழைய சீட்டைவிட நேர்மையானது. நிதானமாக, சுமையில்லாமல், சமவெளியில் ஓட்டுகிறவருக்குச் சீட்டில் உள்ள மைல் கிடைக்கிறது. டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களில் அதைத் தாண்டிக் காட்டுவோரும் உண்டு.

சுமையில்லாமல்! அங்கேதான் சூட்சுமம்.

சோதனையில் வண்டியின் வெற்று எடையோடு கூட்டப்படுவது 300 பவுண்டு. இரண்டு ஆட்கள் ஏறினால் தீர்ந்தது. தொட்டியில் சரக்கில்லை. பின்னால் இழுவை வண்டி இல்லை. சுமைக்காகவே பிறந்த வண்டி, சுமைக்காகவே விற்கப்படும் வண்டி, சுமையே இல்லாமல் தேர்வு எழுதுகிறது! மல்யுத்த வீரனை மெத்தையில் படுக்கவைத்து மூச்சை எண்ணிவிட்டு, "பாருங்கள், இவன் எவ்வளவு குறைவாக மூச்சு வாங்குகிறான்" என்று சான்றிதழ் கொடுப்பது போல இருக்கிறது.

விளம்பரத்தைப் பாருங்கள், வேறு பேச்சு! 2021ஆம் ஆண்டு எஃப்-150, தக்கபடி பூட்டினால் 14,000 பவுண்டு இழுக்கும் என்று முரசறைந்தார்கள். ஆறு டன்னுக்கு மேல்!

"எவ்வளவு இழுக்கும், ஐயா?"

"14,000 பவுண்டு!"

"காலனுக்கு எத்தனை மைல்?"

"கலந்து ஓட்டினால் 20!"

"அந்தச் சுமையை இழுக்கும்போது?"

பதில் இல்லை. கடைக்காரரிடம் இல்லை, சீட்டில் இல்லை, அரசின் ஏட்டிலும் இல்லை.

அளக்க முடியாததா? முடியாது என்று சொல்பவர் அரிசோனா மாநிலத்து டேவிஸ் அணைச் சரிவுக்குப் போய்ப் பார்க்கட்டும். இழுவைத் திறனை அளக்க, எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்றொரு விதியை வகுத்தது. கடும் வெயிலில், குளிர்சாதனத்தை முழுவதும் திறந்துவிட்டு, இழுவை வண்டியோடு 11 மைலுக்கு மேல் நீளும் அந்த ஏற்றத்தில் ஏறவேண்டும். வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக்கூடாது, பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியானால் 35 மைலுக்கு. டொயோட்டா முதலில் ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னர் ஏற்றுக்கொண்டன. இழுத்துக்கொண்டு மலை ஏறுகிறதா என்று பார்க்க விதி இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஏறும்போது எத்தனை காலன் குடித்தது என்று அதே நேரத்தில் குறித்து ஊருக்குச் சொல்ல மட்டும் விதி இல்லை!

ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். கூரை உயர்ந்த வீட்டு வண்டியைப் பின்னால் மாட்டி நெடுஞ்சாலையில் இழுத்தால், அரை டன் வகைப் பிக்கப் காலனுக்கு 8 முதல் 10 மைல் கொடுப்பதே வழக்கம். சீட்டின் 20 எங்கே போயிற்று? பாதி, பின்னால் நிற்கும் சுவரோடு மோதும் காற்றில் போயிற்று. சிறிய எஞ்சினில் டர்போ பொருத்திச் சிக்கனம் காட்டும் வித்தையும் சுமைக்கு முன்னால் மண்டியிடுகிறது. வெற்றாக ஓடும்போது சிறிய எஞ்சின், சுமை ஏறியதும் டர்போ பெருங்காற்றை ஊதப் பெரிய எஞ்சினின் பசி. சிக்கனமும் வலிமையும் ஒரே எஞ்சினில் உண்டு, ஒரே நேரத்தில் இல்லை.

தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 20,000 மைல் ஓட்டுகிறான், காலன் 3 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சீட்டின்படி 20 மைல் கிடைத்தால் 1,000 காலன், 3,000 டாலர். கருவிப் பெட்டியும் குழாய்களும் ஏற்றிக்கொண்டு 15 மைல்தான் கிடைக்கிறது என்றால் 1,333 காலன், 4,000 டாலர். நித்தமும் இழுவை வண்டி மாட்டி 10 மைல்தான் என்றால் 2,000 காலன், 6,000 டாலர். அந்த 3,000 டாலர் வித்தியாசத்தைச் சீட்டை அச்சிட்டவர் தருவாரா? 2022 ஜூனில் அமெரிக்காவில் பெட்ரோலின் சராசரி விலை முதன்முறையாக 5 டாலரைத் தாண்டியதே, அந்த விலைக்கு இதே கணக்கைப் போட்டால் நெஞ்சு அடைத்துவிடும்.

இன்னொரு கண்கட்டும் உண்டு. ஆண்டுக்கு 12,000 மைல் ஓடும் இரண்டு வண்டிகள். ஒன்று 30 மைலிலிருந்து 40 மைலுக்கு உயர்கிறது. மற்றொன்று 15இலிருந்து 20க்கு. எது பெரிய மிச்சம்? பத்து மைல் கூடியதுதான் என்று நாக்கு துடிக்கும். முதல் வண்டி 400 காலனிலிருந்து 300க்கு இறங்குகிறது, மிச்சம் 100. இரண்டாவது 800இலிருந்து 600க்கு, மிச்சம் 200! ஆகவே, பசி மிகுந்த வண்டியில் ஒவ்வொரு மைலும் பெரிது. அந்த வண்டியின் எண்ணைத்தான் மிகவும் கவனமாக அளந்து சொல்லவேண்டும். 2013ஆம் மாதிரி ஆண்டிலிருந்து, 100 மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் சீட்டில் அச்சிடுகிறார்கள். நல்ல வழக்கம், ஆனால் சிறிய எழுத்து.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் பம்பில் வரிசை நின்றது. 1975இல் சட்டம் பிறந்தது: நிறுவனம் விற்கும் வண்டிகளின் சராசரி மைல் இவ்வளவாவது இருக்கவேண்டும்! காருக்கு ஒரு வரம்பு, பிக்கப் முதலியவற்றுக்குத் தனி வரம்பு. 1996 முதல் 2004 வரை காருக்கு 27.5, பிக்கப் வகைக்கு 20.7. அந்த வரம்புக்கு எண்ணும்போது சீட்டில் உள்ள எண்ணை எடுப்பதில்லை, வெட்டாத பழைய கூடத்து எண்ணை எடுக்கிறார்கள். சீட்டில் 20 என்றிருக்கும் வண்டி, சட்டத்தின் ஏட்டில் 25ஐ ஒட்டி நிற்கும். ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அது இதுதான்! 1978இல் பெட்ரோலை விழுங்கும் வண்டிகளுக்குத் தனி வரி போட்டார்கள். 22.5 மைலுக்குக் குறைந்தால் வரி. யாருக்கு? காருக்கு மட்டும்! பிக்கப்புக்கு இல்லை. 2021இல் வந்த ராம் டி.ஆர்.எக்ஸ்., கலந்து ஓட்டினால் காலனுக்கு 12 மைல் என்று சீட்டிலேயே ஒப்புக்கொண்ட வண்டி, அந்த வரியில் ஒரு காசு கட்டவில்லை.

பின்னர் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பை அளந்து, பரப்புக்குத் தக்கபடி வரம்பு என்று மாற்றினார்கள். பரப்பு பெரிது என்றால் வரம்பு எளிது. வண்டியை இளைக்கவைக்க வந்த சட்டம், பெருக்க வழிகாட்டியது! வெளிநாட்டுப் பிக்கப்புகளோ 1964 முதல் 25 விழுக்காடு சுங்கத்தைத் தாண்டி வரவேண்டும். ஐரோப்பியர் அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பழிவாங்கப் போட்ட சுங்கம் அது. கோழிச் சண்டை முடிந்து எவ்வளவோ காலமாயிற்று, சுங்கம் முடியவில்லை.

இத்தனைக்கும் மேலே ஒன்று. சுமையோடு சேர்ந்த மொத்த எடை 8,500 பவுண்டுக்கு மேல் போகத்தக்க பிக்கப்புகள் இருக்கின்றனவே, எஃப்-250, ராம் 2500 போன்றவை, அவற்றுக்கு மைல் சீட்டே கிடையாது. 2011இல் வகுத்த விதிகளில் அவற்றுக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள். சீட்டு மட்டும் வரவில்லை. மிகுதியாகக் குடிப்பவனுக்கு அளவுக் குவளையே இல்லை! வாங்குகிறவன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறான், பணிமனையில் கேட்கிறான், வாங்கிய பின் பம்பில் தெரிந்துகொள்கிறான்.

வரம்பை மீறிய நிறுவனத்துக்கு அபராதம் இருந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரி, செலவுச் சட்டத்தில் அந்த அபராதத்தைச் சுழியமாக்கிவிட்டார்கள்.

"பெரிய வண்டியை மக்கள் விரும்புகிறார்கள், நீ ஏன் குறுக்கே நிற்கிறாய்?" என்று கேட்பார்கள். நான் குறுக்கே நிற்கவில்லை. வாங்கட்டும், இழுக்கட்டும், மலை ஏறட்டும். எவ்வளவு இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடும் இடத்தில், அதை இழுக்கும்போது காலனுக்கு எத்தனை மைல் என்று பக்கத்திலேயே ஒரு வரி போடச் சொல்கிறேன். 8,500 பவுண்டைத் தாண்டிய வண்டிக்கும் அந்தச் சீட்டை ஒட்டச் சொல்கிறேன். அதுவரை ஓட்டுநர் செய்யக்கூடியது ஒன்றுதான். வண்டியின் திரையில் மின்னும் எண்ணை நம்பாமல், அது சற்றுக் கூட்டியே காட்டுவதுண்டு, தொட்டியை விளிம்புவரை நிரப்பி மைல் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய மைலை ஊற்றிய காலனால் வகுக்கவேண்டும். சுமையோடு ஓடிய வாரத்துக்கு ஒரு பக்கம், வெற்றாக ஓடிய வாரத்துக்கு ஒரு பக்கம். கடைக்காரர் தராத அந்த வரியை, ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் ஒரு மாதத்தில் எழுதிவிடும்.