பருப்பு வேகாத கணக்கு

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய், திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் நான். வருஷம் 1984. பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்து இரண்டே வருஷம். பல்கலைக்கழகம் புதுசு; லேப் பழசு. பியூரெட், பிப்பெட் என்று 1824-ல் பெயர் வைத்தவர் கே-லுசாக் என்கிற பிரெஞ்சுக்காரர். எங்கள் லேபில் இருந்த சிலவற்றை அவரே கொடுத்தனுப்பினாரோ என்று எனக்குச் சந்தேகம்.

வால்யூமெட்ரிக் அனாலிசிஸ் தெரியாத புண்ணியவான்களுக்கு: ஒரு கரைசலில் இரும்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். 20 மில்லி எடுத்து, கந்தக அமிலம் சேர்த்து, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். விழுகிற ஊதா உடனே மறையும். மறைய மறைய விட்டுக்கொண்டே போனால், ஏதோ ஒரு சொட்டில் லேசான ரோஜா நிறம் வந்து அரை நிமிஷம் நிற்கும். அங்கே நிறுத்து! செலவான அளவுதான் டைட்டர் வால்யூ. ஒரு சொட்டு என்பது சுமார் 0.05 மில்லி. அடுத்தடுத்து இரண்டு தடவை ஒரே அளவு வரவேண்டும். (அப்போதெல்லாம் பிப்பெட்டை வாயால்தான் உறிஞ்சுவோம். ஆக்ஸாலிக் அமிலம் என்ன ருசி என்று என்னைக் கேளுங்கள். இப்போது ரப்பர் பல்பு வந்துவிட்டது.)

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கரைசல் கலக்கி வைக்கும் அட்டெண்டருக்கு ஒரு டீ, இரண்டு மசால்வடை. மேஜை துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து, "பதினெட்டு நாலு தம்பி" என்று காதில் ஓதிவிட்டுப் போவார். நோட்டில் 18.6, 18.4, 18.4 என்று எழுதுவோம். அந்த 18.6-ல்தான் இருக்கிறது கலை!

அம்மாமண்டபம் பக்கத்து நண்பன் ஒருவன் மட்டும், "நான் விட்டே பாத்துடறேன்டா" என்றான். அவனுக்கு வந்தது 18.9. பியூரெட் திருகில் ஒழுகல். மார்க் போச்சு. எங்களுக்கு முழு மார்க். நோட்டுகளைப் புரட்டிய புரொபசர், "பன்னிரண்டு பேருக்கும் ஒரே வால்யூ. பியூரெட்டெல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்களோ?" என்று மட்டும் கேட்டார். முதல் வகுப்பில் பாஸாகி, பாங்க்கில் சேர்ந்துவிட்டேன்.

போன வருஷம் அம்மா ஆரம்பித்தாள். "ஏண்டா, போர் தண்ணில பருப்பே வேகமாட்டேங்கறது. நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே?"

இரண்டு பக்கமும் ஆறு ஓடுகிற ஊர், பருப்பு வேகவில்லை! இதற்குள் மிஷின் விற்கும் ஆசாமி ஒருவர் வந்து, டம்ளர் தண்ணீரில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணீர் சாக்கடை நிறமாயிற்று. அம்மா வெலவெலத்துப் போய், நாற்பதாயிரம் எடுத்துவைக்கச் சொன்னாள்.

இரண்டு பாட்டில்களில் தண்ணீரோடு அதே நண்பனிடம் போனேன். அவன் இப்போது கெமிஸ்ட்ரி வாத்தியார்.

"அந்தப் பழுப்பு அவனோட இரும்புக் கம்பிலேர்ந்து வந்ததுடா" என்று சிரித்தான். கடினத்தன்மை பார்க்க ஈ.டி.டி.ஏ. போதுமாம், 1940-களில் சுவிஸ்காரர் ஸ்வார்ஸன்பாக் கொண்டுவந்த முறை. கால்சியமும் மெக்னீசியமும் இருக்கிறவரை திராட்சைரசச் சிவப்பு; தீர்ந்தால் நீலம்.

பியூரெட்டை என் கையில் கொடுத்துவிட்டான். "நீயே விடு."

கை நடுங்கியது. முதல் தடவை நீலம் வந்த பிறகும் விட்டுக்கொண்டிருந்தேன்; 27.1. இரண்டாவது 26.3. சிவப்பும் நீலமுமாகக் குழம்பி, ஒரே சொட்டில் சுத்த நீலமாக மாறியதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மூன்றாவதும் 26.3 என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷம்!

"விடாம எழுதாதே" என்றான். விட்டேன். 26.3!

50 மில்லியில் 26.3 மில்லிகிராம், லிட்டருக்கு 526. இந்தியத் தர நிர்ணயப்படி 200 வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீர் 122. மிஷின் வேண்டாம், சமையலுக்குக் குழாய்த் தண்ணீர் போதும் என்று அம்மாவிடம் விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "ஐந்நூத்தி இருபத்தாறா? பருப்பு அதைத்தானேடா தினம் சொல்லிண்டிருக்கு! இதுக்கா உன்னை மூணு வருஷம் படிக்கவெச்சோம்?"