சிப்பிக்கு வேண்டாத முத்து

தூத்துக்குடிக் கடலில் எடுத்த முத்துச் சிப்பியின் ஓடு ஒன்று கையில் கிடைத்தால், உட்புறத்தை வெயிலில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெள்ளிப் பளபளப்பின் மேல் பச்சையும் இளஞ்சிவப்பும் மாறி மாறி ஓடும். மயில் தோகையைப் பெண் மயில் பார்க்கிறது. பூவை வண்டு பார்க்கிறது. இதைப் பார்ப்பது யார்? சிப்பி உயிரோடு இருக்கும்வரை அந்தப் பக்கம் சதையோடு ஒட்டி இருட்டில் கிடக்கிறது. இணையை மயக்கவேண்டிய தேவையும் அதற்கில்லை. முட்டையையும் விந்தையும் கடல்நீரில் விட்டுவிடும். அவை சேர்வது நீரோட்டத்தின் பாடு.

இயற்கைத் தேர்வு இந்த அழகைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்தது உறுதியை. ஓட்டின் உட்படலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம்தான். தனியாக இருந்தால் எளிதில் உடையும். ஆனால் அது அரை மைக்ரான் தடிமனுள்ள சில்லுகளாக, இடையிடையே புரதப் பூச்சோடு, செங்கல் சுவர்போல அடுக்கப்பட்டிருக்கிறது. விரிசல் விட்டால் நேராகப் பாயமுடியாமல் சில்லுகளைச் சுற்றி வளைந்து வளைந்து வலுவிழந்துவிடும். திருக்கை கடித்தபோது கொஞ்சம் தாக்குப்பிடித்த ஓடுகள் அதிகக் குஞ்சுகளை விட்டுச்சென்றன. உறுதி பரம்பரையாக இறங்கியது. அரை மைக்ரான் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்துக்கு நெருக்கமான அளவு. நிறம் அதனால் வந்த உபரி.

இவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? இதே கடலடியில் வாழும் சங்குக்கு இந்தப் படலம் கிடையாது. அதன் ஓடு வேறு முறையில், பின்னல்போல் குறுக்கும் நெடுக்குமாக அமைந்தது. புரதம் குறைவாகப் போதும், அதுவும் கெட்டிதான். தேர்வு, அவரவர் முன்னோர் விட்டுப்போன சரக்கைத் திருத்திக்கொண்டே போகுமே தவிர, சிறந்த வடிவம் எதுவென்று தேடிக்கொண்டிருக்காது.

முத்துக்கு வருவோம். 1902இல் இலங்கையின் முத்துப் பார்களை, அதாவது சிப்பிகள் ஒட்டி வாழும் கடலடித் திட்டுகளை, ஆராய வந்த ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்கு மூலம் என்று எண்ணினார். ஊரிலோ மணல் துகள் என்பார்கள், மழைத்துளி என்றும் பழைய நம்பிக்கை உண்டு. உண்மையில் முக்கியமானது உள்ளே புகுந்த பொருள் அன்று. ஓடு சுரக்கும் மேலுறைத் திசுவின் செல்கள் சில இடம்மாறி உடலுக்குள் சிக்கிக்கொள்கின்றன. தாம் எங்கே இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே வேலையைச் செய்கின்றன: பையாக மூடிக்கொண்டு ஓடு கட்டுகின்றன. உருண்டையான, உள்வெளி மாறிய ஓடுதான் முத்து. சிப்பிக்கு அதனால் ஆதாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த வீண்பொருளுக்காகத்தான் கொற்கைக் காலந்தொட்டு ஆட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். முத்து வைத்த சிப்பிகளை மனிதன் கொன்று கொன்றே, முத்து வைக்காத இனமாக அது மாறியிருக்கவேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. பத்துப் பாகம் ஆழத்தில் ஒரு மூச்சில் கைக்கு எட்டியதையெல்லாம் பையில் அள்ளுகிறவருக்கு, எதில் முத்து என்று எப்படித் தெரியும்? கரையில் குவித்து, அழுகவிட்டு, நாற்றத்தோடு அலசிய பிறகுதான் தெரியும். முத்து உள்ளதும் இல்லாததும் ஒன்றாகவே செத்தன. வித்தியாசம் பார்க்காத சாவு எத்தனை லட்சமானாலும் அது தேர்வாகாது. நீரோட்டம் குஞ்சுகளை வாரிக்கொண்டுபோய்ப் பாரில் ஒட்டவிடாமல் வெறும் மணலில் இறக்கிவிட்டால் அவை மடிவதும் இப்படித்தான். தகுதியுள்ளதே பிழைக்கும் என்று சொல்கிறவர்கள், குருட்டு அதிர்ஷ்டத்துக்கு உள்ள பங்கை மறந்துவிடுகிறார்கள்.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, 1961இல் முடிந்தது. 1973இல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். செய்முறை, விபத்தை வேண்டுமென்றே நடத்துவதுதான்: ஒரு சிப்பியின் மேலுறையிலிருந்து சிறு துண்டை வெட்டி, உருண்டை மணியோடு இன்னொன்றின் உடலுக்குள் வைப்பார்கள்.

இனி மனிதனே தேர்ந்தெடுக்கலாம். நல்ல பளபளப்பு தரும் சிப்பிகளை மட்டும் பெருக்கலாம். ஒரே சிக்கல், முத்தின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது திசு கொடுத்த சிப்பி. அதுவோ கத்தி பட்ட அன்றே போய்விடும். நல்ல மாட்டிறைச்சி எது என்று வெட்டிய பிறகே தெரிந்த பண்ணையாளர்கள், அதே குடும்பத்து மாடுகளைத் தேடிப்போய் இனம் பெருக்கியதை டார்வின் 1859இல் எழுதியிருக்கிறார். சிப்பி வளர்ப்பவருக்கும் அதே வழிதான்: செத்ததன் உடன்பிறப்புகளைத் தேடவேண்டும்.