ஜன்னலில் இருந்த மொபைல் போன்

2020ஆம் ஆண்டு மார்ச்சில் ஊரடங்கு வந்த பின்னர், வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்ப்பது பலருக்கும் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கியதே அதற்காகத்தான் என்று சொல்பவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இப்படி வேலை பார்ப்பவர்களின் மொபைல் போனுக்காக, நானும் இன்னும் மூன்று பேரும் 2022ல் ஒரு அப்ளிகேஷன் தயாரித்தோம். முதல் பதிப்பு படுதோல்வி.

எங்களிடம் வேலை கொடுத்தது ஒரு சிறிய டேட்டா என்ட்ரி நிறுவனம். ஊழியர்கள் பலர் சிறு ஊர்களில் இருக்கும் பெண்கள். அவர்கள் இருக்கையில் இருக்கிறார்களா என்று தெரிய வேண்டும் என்றது நிர்வாகம். 15 நிமிடத்துக்கு ஒரு முறை போனில் மணி அடிக்கும். 2 நிமிடத்துக்குள் பட்டனை அழுத்த வேண்டும். மூன்று முறை தவறினால் அரை நாள் சம்பளம் போய்விடும். சொன்னபடி புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். அழகாகவும் இருந்தது.

ஒரே மாதத்தில் சம்பளப் பிடித்தம் பற்றிப் புகார்கள் குவிந்தன. கேள்விகளை ஆன்லைன் படிவமாக அனுப்பினோம். வந்த பதில்கள் எல்லாம் "நன்றாக இருக்கிறது" என்றே இருந்தன. படிவத்தில் பெயர் கேட்டிருந்தோம். நிர்வாகம் பார்க்கும் என்று தெரிந்தால் யார்தான் உண்மையை எழுதுவார்கள்? இது எங்களுக்கு உறைக்கவே ஒரு வாரம் ஆனது.

பிறகு நேரில் கிளம்பினோம். முதலில் போனது திண்டிவனம் பக்கம் ஒரு வீடு. "அப்ளிகேஷன் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றார். கேள்வியை மாற்றி, "நேத்து காலையில வேலையை எப்படி ஆரம்பிச்சீங்கன்னு செஞ்சு காட்டுங்கக்கா" என்றேன். அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். படியின் உச்சியில் இருந்த ஜன்னலில் போனை வைத்து, ஹாட்ஸ்பாட் ஆன் செய்துவிட்டு, கீழே வந்து லேப்டாப் முன் உட்கார்ந்தார். அந்த வீட்டில் டவர் கிடைக்கும் ஒரே இடம் அந்த ஜன்னல்தான். மணி அடிக்கும்போதெல்லாம் பதினாறு படி ஏறி இறங்க வேண்டும். அடுப்பில் பால் இருந்தால் அதுவும் முடியாது.

இன்னொரு வீட்டில் தினசரி 1.5 ஜிபி டேட்டா மதியத்திற்குள் தீர்ந்துவிடும் என்றார்கள். பார்த்தால், விண்டோஸ் பின்னணியில் அப்டேட் பைல்களை இறக்கிக்கொண்டிருந்தது. நீங்களும் போன் வழியாக இன்டர்நெட் பெறுபவர் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பின் வைபை சென்று, உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராபர்டீஸில் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்திடுங்கள். பெரும்பாலான அப்டேட் பைல்கள் தாமாக இறங்குவது நிற்கும்.

திரும்பி வந்ததும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. புதிய திரைகளைப் பேப்பரில் பென்சிலால் வரைந்து, ஐந்து பேரிடம் காட்டி, விரலால் அழுத்தச் சொன்னோம். ஐந்து பேர் போதுமா என்று கேட்கலாம். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவிகிதக் குறைகள் தெரிந்துவிடும், 15 பேரை ஒரே முறை சோதிப்பதைவிட ஐந்தைந்து பேராக மூன்று முறை சோதிப்பது மேல் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். எங்களுக்கு முதல் இரண்டு பேரிடமே ஒரு குட்டு கிடைத்தது. "சிங்க்" என்று எழுதிய பட்டனைப் பார்த்து, "இது எதுக்குத் தம்பி?" என்று இருவருமே கேட்டார்கள். "அனுப்பு" என்று மாற்றினோம்.

மணியை எடுத்துவிட்டு, வேலை தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை அழுத்தினால் போதும் என்று வைத்தோம். டவர் இல்லாவிட்டால் நேரம் போனிலேயே பதிவாகி, இணைப்பு வந்ததும் தானாகப் போய்ச் சேரும். நிர்வாகம் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "நடுவில் தூங்கினால்?" என்றார்கள். அரை நாள் பிடித்தம் ஆன நாட்களில் அந்த அக்கா முடித்த பக்கங்களின் எண்ணிக்கையை எடுத்து வைத்தோம். ஒரு நாளும் குறைவில்லை.

அதன் பிறகு பிடித்தம் நின்றது. பிடித்த பணத்தில் கடைசி மாதத்துக்கு உரியதை மட்டும் திருப்பித் தந்தார்கள். அதற்கு முந்தைய மாதத்தைப் பற்றி இரண்டு முறை மெயில் அனுப்பினேன், பதில் இல்லை.