அவசரப் பொதிக்கு அடையாளம் இட்டால் மட்டும் போதுமா?

புறக்கோட்டையில் சரக்கு இறக்கியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டியின் மேல் 'உடையும் பொருள்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினாலும், தூக்கும் நாட்டாமி அதை வாசித்தால்தான் பயன். நமது கைத்தொலைபேசியிலிருந்து புறப்படும் தரவுப் பொதிகளின் கதையும் இதுதான்.

கோப்பாயில் சின்ன வெங்காயம் வாங்கிக் கொழும்புக்கு ஏற்றும் எனக்கு, விலை பேசுவது பெரும்பாலும் வட்ஸ்அப் அழைப்பில். லொறி காத்து நிற்க, 'நூற்றிருபதா, நூற்றறுபதா' என்பது தெளிவாகக் கேட்காவிட்டால் ஒரு தொன் சரக்கில் 40,000 ரூபா வித்தியாசம். ஆகவே விசாரித்து அறிந்ததை இங்கு தருகிறேன்.

இணைய அழைப்பில் நமது பேச்சு வழமையாகச் செக்கனுக்கு 50 அளவான சிறு பொதிகளாகப் போகிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் முன்னுரிமையைக் குறிக்க இடமுண்டு. 1998இல் வகுக்கப்பட்ட முறைப்படி அது 6 பிட் அளவு. 64 வகை அடையாளம் இடலாம். பேச்சுக்கு வழமையாக இடப்படுவது 46. கோப்பு சற்றுப் பிந்தி வந்தால் நட்டமில்லை. பேச்சு 150 மில்லி செக்கனுக்குள் மறுமுனையை அடைவது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்.

அடையாளத்தால் இணைப்பின் வேகம் கூடாது. வரிசையில் இடம் மட்டுமே மாறும். வைஃபையில் பேச்சு, காணொளி, சாதாரணம், பின்னணி வேலை என 4 வரிசைகள் உண்டு. கடையில் ஒருவர் படம் பார்க்க, கண்காணிப்புக் கமெரா பதிவுகளை மேலேற்ற, நீங்கள் விலை பேசும்போது இந்த வரிசைகள் கைகொடுக்கும்.

கடை வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. வழியிலுள்ள கம்பனிகள் நமது அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம், அழித்தும் விடலாம். அதில் நியாயமும் உண்டு. எல்லோரும் தம் மூட்டையில் 'அவசரம்' என்று எழுதினால் எது அவசரம்?

மொபைல் டேட்டாவில் முன்னுரிமையைத் தீர்மானிப்பது கம்பனியே. 4ஜி வழியாகச் செல்லும் சாதாரண அழைப்புக்குத் தனிப் பாதை ஒதுக்கப்படுகிறது. வட்ஸ்அப் அழைப்போ பொதுவாக யூடியூப் படத்தோடு ஒரே வரிசையில் நிற்கிறது. மாலையில் எல்லோரும் போனைக் கையில் எடுக்கும்போது பேச்சு அறுந்து அறுந்து வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

நாம் செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, ரவுட்டரில் 'டபிள்யூ.எம்.எம்.' என்ற வசதியை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் முன்னுரிமை போவதோடு வைஃபை வேகமும் 54 மெகாபிட்டுக்குள் சுருங்கிவிடும். இரண்டு, கமெராப் பதிவு, புகைப்படச் சேமிப்பு போன்ற மேலேற்றங்களைக் கடை பூட்டிய பின் நடக்கும்படி வையுங்கள். நெரிசல் அதிகம் ஏற்படுவது மேலேற்றும் பக்கத்தில்தான். மூன்று, விலை முடிக்கும்போது சாதாரண அழைப்பில் பேசி, தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துச் செய்தியில் ஒரு பொதி தொலைந்தால் அது திரும்ப அனுப்பப்படும். பேச்சில் தொலைந்த சொல் தொலைந்ததுதான்.

புதிய ரவுட்டருக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் ஒரு கிழமை செய்து பாருங்கள்.