வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று எது?

வெள்ளைச் சர்க்கரையை விலக்க வேண்டும் என்ற எண்ணம் குடும்பங்களில் பரவிவரும் நிலையில், அதன் இடத்துக்கு நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன், சீனித்துளசி எனப் பல பொருள்கள் அடுக்களைக்கு வந்து சேர்ந்துள்ளன. இவற்றுள் எது நல்லது என்று முடிவுசெய்யுமுன், இனிப்பு எதனால் ஆனது என்பதை அறிதல் வேண்டும். ஆலைச் சர்க்கரை ஏறத்தாழ முழுவதும் சுக்ரோஸ், அதாவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த சேர்மம்; கரும்புச் சாற்றைக் காய்ச்சி, கழிவுப்பாகைப் பிரிக்காமல் இறுகவிட்டு எடுக்கும் வெல்லத்திலும், பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.

வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு என்பது உண்மையே. ஆயினும் எவ்வளவு என்று கேட்பதே முறையாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவைப்பட, ஒரு தேக்கரண்டி வெல்லத்தில் கிடைப்பது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. இரத்தசோகை தீர வெல்லத்தை நம்புவோர், கீரையையும் பயறையும் விட்டுவிட்டு இனிப்பின் அளவைக் கூட்டிவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

அப்படியானால் வெல்லத்தையும் கருப்பட்டியையும் ஏன் நாட வேண்டும்? அவற்றின் மணத்துக்காகவும் ஆழ்ந்த சுவைக்காகவும், அவற்றைக் காய்ச்சும் மக்களின் வாழ்வுக்காகவும் நாடலாம் என்பதே நேர்மையான விடை. அவ்வாறு நாடுவோர் தூய பொருளை அடையாளம் காண அறிந்திருத்தல் இன்றியமையாதது. கொப்பரையில் கொதிக்கும் சாற்றின் அழுக்கை நீக்க வெண்டைச் செடியின் பிசினைச் சேர்ப்பது பழைய முறை. இன்றோ கண்ணைக் கவரும் வெளிர்மஞ்சள் நிறத்துக்காக, வழக்கில் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டு அளவுமீறிச் சேர்க்கப்படுவதும், சாற்றுடன் மலிவான சர்க்கரை கலக்கப்படுவதும் உண்டு. எனவே பளிச்சென்ற வெல்லத்தைவிடக் கருமை படர்ந்த பழுப்பு வெல்லமே பெரும்பாலும் நம்பத்தக்கது. கருப்பட்டியின் நிலை இன்னும் நுட்பமானது: பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு புளித்துக் கள்ளாகாதபடி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கப்படும் பதநீர், ஆண்டில் சில மாதங்களே கிடைப்பதாலும், மரமேறுவோர் குறைந்துவருவதாலும், உண்மைக் கருப்பட்டி மலிவாக இருக்க இயலாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது அந்த உழைப்புக்குக் கொடுக்கும் விலையேயாகும்.

தேனும் விதிவிலக்கன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் சேர்க்கும் சர்க்கரையோடு தேனையும் பழச்சாற்றையும் ஒரே வகையில் அடக்கி, அவற்றின் பங்கு நாளின் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்குள், அதாவது சுமார் ஆறு தேக்கரண்டிக்குள், இருப்பின் மேலும் நன்று என்றும் கூறுகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாவில் தடவவும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கவல்லவை.

பராகுவே நாட்டுப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சீனித்துளசியின் இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்புப் பொருள்கள் சர்க்கரையைவிட இருநூறு மடங்குக்கு மேல் இனிப்பவை; இரத்தச் சர்க்கரையை உயர்த்தாதவை. ஆயினும் கடைப் பொட்டலங்களில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம் என்பதால் உறையைப் படித்தல் நலம். செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் கொதிக்கும் பாயசத்தில் இனிப்பை இழக்கும். சுக்ரலோஸ் அதனினும் வெப்பம் தாங்கும். உடல் எடையைக் குறைக்கும் நோக்கில் இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என அதே நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளோருக்கு அப்பரிந்துரை பொருந்தாது.

நீரிழிவாளர் உள்ள வீட்டில் கருப்பட்டிக் காப்பியும் சர்க்கரைக் காப்பியாகவே கணக்கிடப்பட வேண்டும். அதே வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை அறவே ஒழித்துவிடவும் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்த்து நடுங்கும்போது, சீனித்துளசியோ செயற்கை இனிப்பூட்டியோ பயன்படாது. அவர் நினைவோடு விழுங்கும் நிலையில் இருப்பின், நீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோதான் உடனே கொடுக்கத்தக்கது.